யாத்திராகமத்தை வீட்டுக் கூட்டத்தில் படிப்பது எப்படி: செங்கடலுக்கு அவசரப்பட வேண்டாம்

இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கதையைச் சொல்கிற வேதப் புத்தகமான யாத்திராகமத்தை வீட்டுக் கூட்டத்தில் படிக்கலாம் என்று முடிவானதும் நடத்துகிறவர்கள் பெரும்பாலும் நேராகப் பதினான்காம் அதிகாரத்துக்குப் போய்விடுகிறார்கள். கடல் பிளக்கிற இடம் எல்லோருக்கும் பிடித்த இடம்தான், எனக்கும் பிடிக்கும். ஆனால் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ வாரநாள் ராத்திரி எட்டரைக்கு, வேலை முடிந்து ஜாமில் நின்று, குளிக்கக்கூட நேரமில்லாமல் வந்து உட்காருகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது கடல் பிளந்த கதை இல்லை, அதற்கு முந்தைய அதிகாரங்கள். அங்கே ஜனங்கள் இன்னும் செங்கல் அறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கர்த்தர் எப்படிப்பட்டவர் என்பது அங்கேயே தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

ஐந்தாறு வாரம் ஒதுக்குங்கள். முதல் ஆறு அதிகாரங்களுக்கே இரண்டு வாரம் போகட்டும்.

ஒவ்வொரு வாரமும் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பகுதியில் கர்த்தர் என்ன செய்தார்? நாம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்வி தானாக வரும், அதை யாரும் தள்ளிக்கொண்டு வர வேண்டியதில்லை. இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் பேச்சு முழுக்க ஜனங்களை வழிநடத்திய மோசேயைச் சுற்றிப் போய்விடும், அவருடைய தைரியம், அவருடைய தலைமைத்துவம் என்று. ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு ஓடிப்போனவர், வாய் திக்குகிறது என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தவர், எகிப்தின் ராஜாவான பார்வோனுக்கு முன் நிற்கும்போது எண்பது வயது. அவரை வீரராக்கினால் கதையின் நாயகர் யார் என்பது மறைந்துபோகும்.

இதற்கு ஒரு வழி உண்டு. எல்லோரும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவரட்டும், பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடது பக்கம் மனிதர்கள் செய்தது, வலது பக்கம் கர்த்தர் செய்தது. முதல் அதிகாரத்தைப் படித்து எழுதச் சொல்லுங்கள். இடது பக்கம் கடகடவென்று நிரம்பும்: யோசேப்பை அறியாத புதிய ராஜா, ஆளோட்டிகள், பித்தோம், ராமசேஸ் என்ற பண்டகசாலைப் பட்டணங்கள், ஆண் குழந்தைகளை நதியில் போடச் சொன்ன கட்டளை. வலது பக்கம் இருபதாம் வசனம் வரை வெறுமையாகவே இருக்கும். அங்கே வருவதும் ஒரே ஒரு காரியம்தான், ராஜாவின் கட்டளைக்குக் கீழ்ப்படியாத இரண்டு மருத்துவச்சிகளுக்குத் தேவன் நன்மை செய்தார். சிப்பிராள், பூவாள். பார்வோனின் பெயரை வேதம் சொல்லவே இல்லை, இந்த இரண்டு பெண்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறது. அதைப் பற்றிப் பேசவே அன்றைக்கு நேரம் போதாது, குறிப்பாகக் கூட்டத்தில் நர்ஸ் வேலை பார்க்கிற சகோதரிகள் இருந்தால்.

அந்த வெறுமையை அவசரப்பட்டு விளக்கம் சொல்லி நிரப்பாதீர்கள். "ஆண்டவர் பின்னணியில் கிரியை செய்துகொண்டிருந்தார்" என்று யாராவது உடனே சொல்வார்கள். சொல்லட்டும், ஆனால் அப்படியே கடந்துபோகாமல், தன் வாழ்க்கையில் வலது பக்கம் வெறுமையாக இருந்த காலத்தை யாராவது பேச விரும்பினால் இடம் கொடுங்கள்.

அப்புறம் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்கள். வலது பக்கத்தில் வரிசையாக எழுத வேண்டியிருக்கும்: கேட்டார், உடன்படிக்கையை நினைவுகூர்ந்தார், கண்ணோக்கினார், நினைத்தருளினார். இதில் ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். இஸ்ரவேலர் யாரைப் பார்த்து முறையிட்டார்கள் என்று அந்த வசனம் சொல்லவில்லை. வேலையின் பாரத்தில் தவித்தார்கள், கதறினார்கள், அந்தச் சத்தம் தேவசந்நிதியில் எட்டியது, அவ்வளவுதான். ஒழுங்காக ஆரம்பித்து ஒழுங்காக ஆமென் சொல்லி முடித்த ஜெபம் இல்லை அது. கூட்டத்தில் சத்தமாக ஜெபிக்க வராது என்று ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்போதும் இருப்பார், அவருக்கு இந்த வசனத்தைப் போல ஆறுதல் தருவது வேறொன்றும் இல்லை.

தோட்டத்தில் (எஸ்டேட்டில்) பிறந்து வளர்ந்த பெரியவர்கள் உங்கள் கூட்டத்தில் இருந்தால் இரண்டாம் வாரம் அவர்களைப் பேச விடுங்கள். விடியற்காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), லயத்து வீடு (வரிசை வீடு), கங்காணி (மேஸ்திரி), கிராணி (குமாஸ்தா), துரை (மேலாளர்) என்று அவர்கள் சொல்லச் சொல்ல, கொண்டோமினியத்தில் வளர்ந்த பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்ட பிறகும் கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது 1938 வரை நடந்தது. அதன்பின் ஜப்பான் காலத்தில் தோட்டங்களிலிருந்து சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. அப்படித் திரும்பாமல் போன ஒரு தாத்தாவோ பெரியப்பாவோ சில குடும்பங்களில் இருப்பார். இதையும் எகிப்தையும் ஒன்று என்று சொல்லிவிடாதீர்கள், இஸ்ரவேலின் கதை இஸ்ரவேலின் கதைதான். ஆனால் அந்தக் கதையைத் தூரத்தில் நின்று பார்க்க நமக்கு அவசியமில்லை.

பெரியவர் பேசி முடித்ததும் ஐந்தாம் அதிகாரத்தை முழுக்கச் சத்தமாக வாசியுங்கள், ஆள் மாற்றி ஆள். இந்தத் தொடரிலேயே அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். மோசே கீழ்ப்படிந்து பார்வோனிடம் போய்ப் பேசுகிறார், அதனால் நிலைமை மோசமாகிறது. இனி வைக்கோல் கிடையாது, நீங்களே போய்ப் பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் கணக்கு மட்டும் குறையக் கூடாது. கணக்குக் குறைந்ததற்காக இஸ்ரவேலரின் சொந்தத் தலைவர்களே அடி வாங்குகிறார்கள். நீங்கள் சோம்பேறிகள் என்று அரண்மனையில் உட்கார்ந்திருக்கிறவன் சொல்கிறான். ஜனங்கள் மோசேயின்மேல் கோபப்படுகிறார்கள், மோசே ஆண்டவரிடமே போய், இந்த ஜனத்துக்கு ஏன் தீங்கு வரப்பண்ணினீர், என்னை ஏன் அனுப்பினீர், நீர் இவர்களை விடுவிக்கவே இல்லையே என்று கேட்டுவிடுகிறார்.

இப்போது வலது பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கர்த்தர் மோசேயைக் கடிந்துகொண்டதாக ஒரு வரி கிடையாது. ஆறாம் அதிகாரத்தில் அவர் தருவது வாக்குறுதிகளை: சுமையிலிருந்து விடுவிப்பேன், அடிமைத்தனத்திலிருந்து தப்புவிப்பேன், மீட்டுக்கொள்வேன், என் ஜனங்களாகச் சேர்த்துக்கொள்வேன், தேசத்துக்குக் கொண்டுபோவேன். இத்தனையும் சொல்லி அனுப்பினாலும் ஒன்பதாம் வசனத்தில் ஜனங்கள் கேட்கவில்லை, மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும் கேட்க முடியாமல் போயிற்று. சரி, உங்களுக்கு விசுவாசம் இல்லை, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று கர்த்தர் சொன்னாரா? சொல்லவில்லை. அவர்களுக்கு நம்ப முடியாமல் போனதால் விடுதலை ஒரு நாள்கூடத் தள்ளிப்போனதாக அங்கே எழுதியில்லை. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு நடத்துங்கள். ஏனென்றால் வேலை போனவர், பிள்ளை பெறாமல் வருஷக்கணக்கில் ஜெபிக்கிறவர், கடனில் கழுத்து நெரிபடுகிறவர் எல்லாம் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களிடம் "விசுவாசம் போதவில்லை" என்று யாரோ ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். அந்த வாக்கியத்தை உங்கள் கூட்டத்தில் யாரையும் சொல்ல விடாதீர்கள்.

கர்த்தர் எகிப்தின்மேல் அனுப்பிய பத்து வாதைகளை வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்து நடத்த வேண்டாம், ஒரே மாலையில் முடிக்கலாம். தவளை, பேன், வெட்டுக்கிளி எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், பெரியவர்கள் கவனிக்க வேண்டியது பார்வோன் பேசுகிற பேரம். முதலில், இந்த நாட்டிலேயே பலியிடுங்கள் என்கிறான். பிறகு, போங்கள், ஆனால் அதிக தூரம் போகாதீர்கள். அப்புறம், ஆண்கள் மட்டும் போங்கள். கடைசியில் பிள்ளைகளும் போகலாம், ஆடுமாடு மட்டும் இங்கே இருக்கட்டும். மோசேயின் பதில், ஒரு குளம்பும் பின்னால் விடப்படாது. கர்த்தர் பாதி விடுதலைக்கு ஒத்துக்கொள்கிறவர் அல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கஷ்டமான கேள்விகள் இங்கேதான் வரும். பார்வோனின் இருதயத்தைக் கர்த்தரே கடினப்படுத்திவிட்டு அவனையே தண்டிப்பது நியாயமா? எட்டாம் அதிகாரத்தில் இரண்டு இடத்தில் அவனே தன் இருதயத்தைக் கடினப்படுத்திக்கொள்கிறான், கர்த்தர் கடினப்படுத்தினார் என்று நடந்த காரியமாகச் சொல்லப்படுவது ஒன்பதாம் அதிகாரத்தில்தான். கேள்வி இதோடு தீர்ந்துவிடாது, ஆனால் வரிசையைக் காட்டுங்கள். கடைசி வாதையான தலைப்பிள்ளைகளின் சாவைப் பற்றிப் பேசும்போது முதல் அதிகாரத்தில் நதியில் போடப்பட்ட குழந்தைகளை நினைவுபடுத்துங்கள், அதே சமயம் சாவில்லாத வீடு எகிப்தில் இல்லை என்ற வரியையும் மெதுவாக வாசியுங்கள். யூதக் குடும்பங்களில், எகிப்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா இரவில் பத்து வாதைகளின் பெயரையும் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சரசத்தை வெளியே எடுத்துவிடுவார்கள், எதிரி அழும்போது நம் சந்தோஷம் குறைய வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. எனக்கு அது மிகவும் சரியாகப் படுகிறது.

பஸ்கா இரவைப் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஒரு எளிய வழி உண்டு. சப்பாத்தி புளிப்பில்லாத அப்பம்தானே, அதைச் சுட்டு வையுங்கள். கசப்புக்குப் பாகற்காயோ சந்தையில் கிடைக்கிற பெகாகா (வல்லாரை) இலையோ போதும். பன்னிரண்டாம் அதிகாரம் பதினோராம் வசனம் சொல்கிறபடி செருப்புப் போட்டுக்கொண்டு, புறப்படத் தயாராக, அவசர அவசரமாகச் சாப்பிட வேண்டும். நம் வீடுகளுக்குள் யாரும் செருப்போடு நிற்க மாட்டோம், ஆகவே ஃபிளாட்டுக்கு வெளியே வராந்தாவில் எல்லோரும் நில்லுங்கள், பெரியவர்கள் கையில் ஒரு குடையை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொள்ளட்டும், பிள்ளைகள் தோளில் பள்ளிக்கூடப் பை. பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. இது திருவிருந்து இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள், போதகருக்கும் தெரியப்படுத்துங்கள். "ஏன் இப்படி நின்றுகொண்டு சாப்பிடுகிறோம்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். பிள்ளைகள் அப்படிக் கேட்பார்கள் என்று அதே அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது, பதிலும் இருக்கிறது. அந்தப் பதிலைத் தகப்பனோ தாயோ சொல்லட்டும், நடத்துகிறவர் சொல்ல வேண்டாம்.

கடலுக்கு இப்போது வரலாம். பதின்மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தர் அவர்களைப் பெலிஸ்தரின் தேசத்து வழியாக, அதாவது கிட்டத்து வழியாக, நடத்தவில்லை. யுத்தத்தைக் கண்டால் பயந்து திரும்பிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். சுற்றுவழி சிலருக்குத் தண்டனையாகத் தோன்றும், இங்கே அது பலவீனம் தெரிந்தவரின் தயவு. கடல் எந்த இடத்தில் பிளந்தது என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு விவாதம் தொடங்கினால் மரியாதையாக நிறுத்திவிடுங்கள், ராத்திரி பதினொன்றாகிவிடும். ராத்திரி முழுதும் பலத்த கீழ்க்காற்று வீசியது என்ற விவரத்தை மட்டும் விடாதீர்கள். அவர்கள் அந்த ராத்திரி முழுக்கக் காத்திருந்தார்கள்.

பதினாறாம் அதிகாரத்தை, வானத்திலிருந்து வந்த அப்பமான மன்னாவுக்காக மட்டும் படிக்காதீர்கள். எகிப்தை விட்டு ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை, இறைச்சிப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாள் நினைவு வந்துவிடுகிறது, முறுமுறுக்கிறார்கள். கர்த்தர் அவர்களுக்குச் சாப்பாடு கொடுக்கிறார். ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அதிகம் சேர்த்தவனுக்கு மீதியில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. ஆறாம் நாள் இரண்டு மடங்கு, ஏழாம் நாள் ஓய்வு. சீனாய் மலைக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே ஓய்வுநாள் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஒருநாள்கூட லீவு தெரியாத ஜனத்துக்குக் கர்த்தர் லீவு கொடுக்கிறார், அதுவும் சாப்பாட்டோடு. பத்துக் கட்டளை வருவதும் அதற்குப் பிறகுதான், அதன் முதல் வரியே உன்னை எகிப்திலிருந்து புறப்படப்பண்ணின தேவன் நான் என்பது. நல்ல பிள்ளையாக நடந்தால் விடுவிப்பேன் என்று அவர் எகிப்தில் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசி வாரத்துக்கு உபாகமம் 5:14-15ஐயும் யாத்திராகமம் 23:9ஐயும் எடுத்துக்கொள்ளுங்கள். நீ அடிமையாக இருந்தாய், ஆகவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாறட்டும். அந்நியனை ஒடுக்காதே, அந்நியனுடைய இருதயம் உனக்குத் தெரியும். எகிப்திலிருந்து புறப்பட்டபோது பல ஜாதி ஜனங்களும் கூடவே வந்தார்கள் என்று 12:38 சொல்வதையும் இதோடு சேர்த்து வாசிக்கலாம்.

கோலாலம்பூரில் இந்த வசனங்களைப் பொதுவாகப் பேசிவிட்டுப் போக முடியாது. இந்தோனேசியப் பணிப்பெண்ணும், உணவகத்தில் பாத்திரம் கழுவுகிற வங்காளதேசத்துத் தம்பியும், நேப்பாளக் காவலாளியும், தமிழ்நாட்டிலிருந்து வந்து முடிதிருத்தும் கடையில் நிற்கிறவரும் நம்மைச் சுற்றித்தான் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளிகள் சிலர் நம் கூட்டத்திலேயே இருப்பார்கள். யாரையும் பெயர் சொல்லிக் குத்த வேண்டாம், ஆனால் வசனத்தையும் மழுப்ப வேண்டாம். அடுத்தவர் பாஸ்போர்ட்டை உரிமையில்லாமல் வாங்கிப் பூட்டி வைப்பது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம், கட்டாய உழைப்பு 2023 ஜனவரி முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின்படியும் குற்றம். இதைச் சாதாரணத் தகவலாகச் சொல்லிவிடுங்கள், தெரியாமலேயே செய்கிறவர்களும் உண்டு. இந்தத் தொழிலாளர்களில் நிறையப் பேர் முஸ்லிம்கள், அவர்களைக் கூட்டத்துக்கு அழைப்பது இங்கே பேச்சே இல்லை, பல மாநிலங்களில் சட்டமும் இடம் தராது. சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பதற்கும் ஒருநாள் ஓய்வு கொடுப்பதற்கும் யாரும் மதம் மாற வேண்டியதில்லை.

அந்தக் கடைசிக் கூட்டத்தை ஞாயிறு மத்தியானம் வைப்பது நல்லது. கூட்டம் நடக்கிற வீட்டில் பணிப்பெண் இருந்தால் அன்று அவருக்கு முழுநாள் விடுமுறை, கையில் செலவுக்குக் கொஞ்சம் பணம், பாஸ்போர்ட் அலமாரியில் இருந்தால் அதுவும் அவர் கைக்குப் போகட்டும். சமையலை வீட்டுக்கொருவர் பிரித்துக்கொள்ளுங்கள், பாத்திரம் கழுவ இரண்டு ஆண்களை முதலிலேயே பெயர் சொல்லி ஏற்பாடு செய்துவிடுங்கள்.