மரபணுச் சுற்றை வேகமாக்கப் புரதச் சிதைவைப் பயன்படுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபணுச் சுற்று (ஒன்றையொன்று இயக்கவோ அடக்கவோ செய்யும்படி செல்லுக்குள் இணைத்த மரபணுக்களின் தொகுப்பு) ஒன்று மந்தமாக இயங்கினால் பலரும் முதலில் கை வைப்பது புரோமோட்டரில்தான், அதாவது மரபணு எவ்வளவு படிக்கப்படும் என்பதை முடிவு செய்யும் டிஎன்ஏ பகுதியில்தான். வலுவான புரோமோட்டரைப் போட்டால் புரதம் சீக்கிரம் சேரும், சுற்றும் வேகமாகிவிடும் என்ற எண்ணம். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. புரதம் எந்த அளவில் நிலைபெறும் என்பதை உற்பத்தியும் நீக்கமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. ஆனால் அந்த அளவில் பாதியை எட்ட ஆகும் நேரம், நீக்கம் எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதை மட்டுமே பொறுத்தது. உற்பத்தியை இரட்டிப்பாக்கினால் நிலைபெறும் அளவு இரட்டிப்பாகும். அந்த நேரம் மாறாது. ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் போதும் என்ற இடத்தில் வலுவான புரோமோட்டர் உதவும், உண்மைதான். அணைக்கும்போது அதுவே இடைஞ்சல்: கூடுதல் அளவிலிருந்து இறங்கி அதே வரம்புக்குக் கீழே வர அதிக நேரம் பிடிக்கும்.

ஈ. கோலை பாக்டீரியாவில் பெரும்பாலான புரதங்கள் எளிதில் சிதைவதில்லை. செல் வளர்ந்து பிரியும்போது நீர்த்துப்போவதால்தான் அவற்றின் அளவு குறைகிறது. எனவே அவற்றின் அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஏறக்குறைய செல் இரட்டிப்பாகும் நேரமே. அதைவிட வேகம் வேண்டும் என்றால் சிதைவு டேக், அதாவது புரதத்தைச் சிதைவுக்குக் குறித்துக் காட்டும் சிறு வால், தேவை. அதிகம் பயன்படுவது எஸ்எஸ்ஆர்ஏ என்ற 11 அமினோ அமில டேக். புரதத்தின் சி-முனையில் (சங்கிலியின் கடைசி முனையில்) அது இருந்தால் கிளிப்எக்ஸ்பி என்ற புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) அதைப் பிடித்து, மடிப்பை அவிழ்த்து, புரதத்தைத் துண்டு துண்டாக்கிவிடும்.

இங்கே முதலில் சறுக்குவது கணக்கில். அரை ஆயுள்களைக் கூட்டவோ சராசரி எடுக்கவோ கூடாது. வேகங்களைத்தான் கூட்ட வேண்டும். செல் 30 நிமிடத்தில் இரட்டிப்பாகிறது, டேக் தனியாகத் தரும் அரை ஆயுள் 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது 7.5 நிமிடம். சரி, வேகம் 4 மடங்கு கூடிவிட்டது. ஆனால் புரதம் நிலைபெறும் அளவும் கால்வாசியாகிவிட்டது. அடக்கிப் புரதம் (வேறொரு மரபணுவை அணைக்கும் புரதம்) ஒன்றுக்கு இப்படி டேக் போட்டால், அது வேலை செய்யத் தேவையான அளவை எட்டாமலே போகலாம். ஈடுகட்ட உற்பத்தியை 4 மடங்காக்கினால் புரதத்தை உருவாக்கும் ரைபோசோம்களின் மேல் சுமை ஏறும், செல்லின் வளர்ச்சி குறையும், அதனால் நீர்த்தலும் மந்தமாகும். டேக்கையும் உற்பத்தியையும் சேர்த்தே வடிவமைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சிதைவு எப்போதும் ஒரே விகிதத்தில் நடக்கும் என்று நம்புவது. ஒரு செல்லில் கிளிப்எக்ஸ்பி ஓரளவுதான் இருக்கும். டேக் போட்ட புரதம் குறைவாக இருக்கும்வரை அரை ஆயுள் என்ற பேச்சு பொருந்தும். புரதம் பெருகிவிட்டால் புரோட்டியேஸ் தன் உச்ச வேகத்திலேயே நின்றுவிடும், மற்ற மூலக்கூறுகள் வரிசையில் காத்திருக்கும். அப்போது தொடர்பே இல்லாத இரண்டு புரதங்கள்கூட ஒன்றையொன்று பாதிக்கத் தொடங்கும். ஒன்று கூடினால் மற்றதன் சிதைவு தாமதமாகும். ஜெஃப் ஹேஸ்டியின் குழு 2011-இல் ஈ. கோலையில் இதைக் காட்டியது. மாடலில் இந்த இணைப்பு இல்லை என்றால், சோதனையில் வரும் முடிவுக்குத் தவறான காரணத்தைத் தேடிக்கொண்டிருப்போம்.

எலோவிட்ஸும் லைப்லரும் 2000-இல் வெளியிட்ட ரெப்ரசிலேட்டரில் (மூன்று அடக்கிகள் வட்டமாக ஒன்றையொன்று அடக்குவதால் புரத அளவுகள் ஏறி இறங்கி அலையும் சுற்று) அடக்கிப் புரதங்கள் மூன்றுக்கும் சிதைவு டேக் இருந்தது. 2016-இல் யோஹான் பால்சன் குழு அதே சுற்றைப் பிரித்து ஆராய்ந்தது. ரிப்போர்ட்டர் புரதமும் (சுற்றின் நிலையை ஒளிர்ந்து காட்டும் புரதம்) அதே புரோட்டியேஸுக்குப் போட்டியிட்டதால் அலைவில் இரைச்சல் (ஒழுங்கற்ற ஏற்ற இறக்கம்) கூடியிருந்தது. அடக்கிகளின் சிதைவையும் நீக்கியபோது அலைவு மெதுவாயிற்று, ஒழுங்கு மிகவும் கூடியது. வேகத்தைவிட ஒழுங்கு முக்கியம் என்றால் டேக்கே வேண்டாம் என்பது நல்ல முடிவாக இருக்கலாம் என்று நான் கருதுவது இதனால்தான். வேகமும் வேண்டும் என்றால் சுற்றைத் தாங்கும் பிளாஸ்மிட்டின் (சிறு வட்ட டிஎன்ஏ) பிரதிகளைக் குறையுங்கள், ரிப்போர்ட்டருக்கு அதே டேக்கைப் போடாதீர்கள். மீசோபிளாஸ்மா ஃப்ளோரம் பாக்டீரியாவின் லான் புரோட்டியேஸையும் அதற்கே உரிய டேக்கையும் கொண்டுவந்தால் செல்லின் சொந்த வேலைகளோடு மோதல் குறையும்.

டேக்கை எங்கே வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். அது சி-முனையின் கடைசியில் திறந்திருக்க வேண்டும். அதன் பின்னால் ஹிஸ் டேக் (புரதத்தைப் பிரித்தெடுக்கச் சேர்க்கும் வால்) ஒட்டினால் சிதைவு நின்றுவிடும். கட்டுப்பாட்டுச் சோதனைக்கு டேக்கே இல்லாத புரதத்தைவிட, கடைசி இரண்டு அலனின்களை அஸ்பார்டிக் அமிலமாக மாற்றிய டேக் பொருத்தம். நீளம் அதேதான், கிளிப்எக்ஸ்பி மட்டும் அதை அடையாளம் காணாது.

எஸ்எஸ்ஆர்ஏவின் கடைசி எழுத்துகளை மாற்றிய எல்விஏ, ஏஏவி, ஏஎஸ்வி வகை டேக்குகளுக்குப் புழங்கும் அரை ஆயுள் எண்கள் 1998-இல் ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிரும் புரதத்தை வைத்து அளந்தவை. வேறு புரதம், வேறு ஸ்ட்ரெயின், வேறு வளர்ப்பு ஊடகம் என்றால் அந்த எண்கள் மாறும். அளக்கும்போதும் பொறி உண்டு. குளோராம்ஃபெனிக்கால் சேர்த்துப் புரத உற்பத்தியை நிறுத்தினால் செல் வளர்ச்சியும் நின்றுவிடும். கிடைப்பது சிதைவு மட்டுமே, நீர்த்தலை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், ஒளிரும் புரதம் உருவானவுடனே ஒளிர்வதில்லை, முதிர நேரம் எடுக்கும். முதிரும் முன்பே சிதைந்துவிட்டால் அது கணக்கிலேயே வராது. முதிரும் வேகம் வேறுபடும் இரண்டு நிறங்களை நேரடியாக ஒப்பிட்டு எது வேகம் என்று சொல்வதும் சரியில்லை.

வேகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. ஈ. கோலையில் எம்ஆர்என்ஏவின் (புரதம் தயாரிக்க வழிகாட்டும் மரபணு நகல்) அரை ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள். புரதத்தின் ஆயுளை அதே அளவுக்கு இறக்கிவிட்டால், மரபணுவை அணைத்த பிறகும் மிச்சமிருக்கும் எம்ஆர்என்ஏ புரதத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். அதற்கு மேல் வலுவான டேக்கைப் போட்டால் வேகம் அதிகம் கூடாது, புரதத்தின் அளவுதான் குறையும்.