ஓணானுக்கு எதுக்குடா ஹீட்டர்?

பியர்டட் டிராகன் என்ற, ஓணான் மாதிரியான வளர்ப்புப் பல்லியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி இது. 'வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான்' என்று அப்புறமும் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். கேலிதான். ஆனால் அந்த வேலி ஓணானை நான் கொஞ்சம் கவனித்திருந்தால், முதல் வருடம் செய்த தவறுகளில் பாதியைச் செய்திருக்க மாட்டேன்.

எங்கள் தர்மபுரிப் பக்கத்துக் கல் கம்ப வேலியில் காலை எட்டு மணிக்கு ஓணான் ஏறி வெயில் காயும். வெயில் ஏறிய பிறகு பார்த்தால் நிழலில் இருக்கும். தேவையான சூட்டை உடம்புக்குள்ளேயே உண்டாக்கிக்கொள்ள அதனால் முடியாது. வெயிலுக்குப் போவதும் நிழலுக்கு வருவதும்தான் அதன் ஏற்பாடு. கண்ணாடித் தொட்டியில் விட்டதும் அந்த நடையை நாம் பறித்துவிடுகிறோம். தொட்டி முழுக்க ஒரே சூடாக வைப்பதுதான் முதல் தவறு. பியர்டட் டிராகனுக்குச் சூடு தரும் பல்பின் அடியிலுள்ள கல் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்கலாம். மறுகோடி 25 முதல் 28 வரை இருக்க வேண்டும். இரண்டடித் தொட்டியில் இந்த வித்தியாசம் வராது. வளர்ந்த டிராகனுக்கு நாலடி நீளமாவது வேண்டும்.

அடுத்தது ஹீட் மேட், அதாவது தொட்டிக்கு அடியிலிருந்து சூடேற்றும் மின்விரிப்பு. பல்பை விடப் பாதுகாப்பானது என்று நம்பி, தெர்மோஸ்டாட் (வைத்த சூடு வந்ததும் ஹீட்டரை நிறுத்தும் கருவி) இல்லாமல் நேராகப் பிளக்கில் செருகினேன். நான்காம் நாள் வயிற்றுச் செதிலில் காசளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு. மேட் சுட்டால் தானே நகர்ந்து போகும் என்றுதான் நினைத்திருந்தேன். ஊர்வன அப்படி உடனே விலகுவதில்லை, வயிறு வேகும்வரை படுத்தே கிடக்கும். அதுவும் பியர்டட் டிராகன் மேலிருந்து வரும் வெயிலைத் தேடும் பிராணி. அதற்கு மேட்டே தேவையில்லை. லெப்பர்ட் கெக்கோ என்ற இன்னொரு வளர்ப்புப் பல்லிக்கு மேட் சரிதான். ஆனால் மூன்றில் ஒரு பங்குத் தரைக்கு மேல் வேண்டாம், தெர்மோஸ்டாட் இல்லாமல் வேண்டவே வேண்டாம், ஒளியுமிடத்தின் தரை 32 டிகிரியைச் சுற்றி இருந்தால் போதும். சூடாகும் செயற்கைப் பாறை என்று ஒன்று விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

தெர்மோஸ்டாட் வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பதும் தவறு. அதன் சென்சார் ஒயர் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். டிராகன் இழுத்துப் போட்டு, சென்சார் குளிர்ந்த பக்கமோ தண்ணீர்க் கிண்ணத்திலோ விழுந்தால், 'இன்னும் சூடு வரவில்லை' என்று கருவி நினைத்துக்கொண்டு ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். செலோடேப் போட்டு ஒட்டாதீர்கள், சூட்டில் கழன்று பிராணியின் தோலில் ஒட்டிக்கொள்ளும். கேபிள் டையால் கட்டுங்கள். அதோடு தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் இரண்டு கோடியிலும் தனித்தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர் வையுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் மீட்டர் பெரும்பாலும் அந்தக் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும்.

பல்பைக் கூண்டுக்குள்ளே தொங்கவிட்டால் கம்பிவலை கட்டாயம். எட்டித் தொட்டால் முதுகு வெந்துபோகும். இரவுக்குச் சிவப்பு பல்பு வேண்டாம், தூக்கம் கெடும். வெளிச்சமில்லாத செராமிக் ஹீட்டர் போடலாம், ஆனால் பிளாஸ்டிக் ஹோல்டரில் அல்ல. அது உருகும். பீங்கான் ஹோல்டர் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும்.

வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் எப்படிச் சூடேற்றுவது என்றுதான் சொல்லும். நமக்குச் சிக்கல் ஏப்ரல், மே மாதம். சிமெண்ட் ஷீட் போட்ட அறையில் மதியம் அறையே 36, 37 டிகிரி இருக்கும்போது குளிர்ந்த பக்கம் என்று ஒன்று தொட்டியில் எங்கே இருக்கும்? அந்த மாதங்களில் காலையில் மட்டும் பல்பைப் போட்டு, பதினோரு மணிக்கு அணைத்துவிடுகிறேன். தொட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தரையோடு வைத்தாயிற்று. மிக மோசமான நாளில், ஐஸ் ஆக்கிய தண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு கோடியில் வைப்பேன். பல்புக்கு அடியில் வாய் திறந்து கிடப்பது இயல்புதான், ஒகேனக்கல் முதலைப் பண்ணையில் முதலைகள் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த மூலையில் போயும் வாயை மூடாவிட்டால்தான் பயப்பட வேண்டும். வெயில் காட்டுகிறேன் என்று கண்ணாடித் தொட்டியை மாடியில் வைக்கவே கூடாது. சில நிமிடங்களில் உள்ளே அடுப்பாகிவிடும்; போதாக்குறைக்கு, அதற்குத் தேவையான, வெயிலிலுள்ள யுவிபி என்ற புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். பெங்களூரிலிருந்து வாங்கி வரும் வழியில் டீக்கடையில் காரை நிறுத்தி, பெட்டியை உள்ளேயே விட்டுப் போவதும் இதே கதைதான்.

ஓசூர், தளிப் பக்கம் கணக்கே வேறு. அங்கே டிசம்பர், ஜனவரி இரவு நன்றாகக் குளிரும். சாயங்காலம் வயிறு நிறையத் தீனி போட்டு விளக்கை அணைத்தால் செரிக்காமல் தங்கிவிடும். தீனிக்குப் பின் இரண்டு மணி நேரமாவது பல்புச் சூட்டில் காய விடுங்கள்.

கரண்ட் போய் வந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். சுழலும் முள் டைமர், கரண்ட் இல்லாத நேரமெல்லாம் நின்றிருக்கும். மூன்று மணி நேரம் கரண்ட் போனால், ஆறு மணிக்கு அணைய வேண்டிய பல்பு ஒன்பதுக்குத்தான் அணையும். மலிவான சில தெர்மோஸ்டாட்கள் நாம் வைத்த எண்ணை மறந்துவிட்டு, கம்பெனி வைத்த எண்ணுக்குப் போய்விடும்.

தீக்காயம் பட்டுவிட்டால் மஞ்சள், பேஸ்ட், மை எதுவும் பூசாதீர்கள். சாதாரணத் தண்ணீரால் சில நிமிடம் குளிரவிட்டு, தொட்டியிலுள்ள மண்ணை எடுத்துவிட்டுச் சுத்தமான பேப்பர் விரித்து வையுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஊர்வன பார்ப்பதில்லை. நான் மூன்று இடத்தில் போன் செய்து கேட்டபிறகுதான் பெங்களூருக்குக் கிளம்பினேன், அதுவும் ராத்திரியில், கார் ஏசியை அணைத்துவிட்டு.