சிப்பியைப் புகையூட்டிச் சமைக்கும் முறை

கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி வரை பாறைகளில் ஒட்டி வளரும் பழுப்புச் சிப்பியை நீரோடி, இனையம், குளச்சல், கடியபட்டணம் பகுதிகளில் பெரும்பாலும் தேங்காயை வறுத்தரைத்த தீயல் குழம்பாகவோ மசாலா புரட்டிய பொரியலாகவோதான் சமைக்கிறார்கள். மலபார்க் கரையில் கல்லுமக்காய் என்று விற்பது இதற்கு நெருங்கிய இனமான பச்சைச் சிப்பி. கீழே சொல்லப்படும் முறை இரண்டுக்கும் பொருந்தும். சிப்பியைப் புகையூட்டும் பழக்கம் நம் வீடுகளில் அரிது என்றாலும், அதற்கு வேண்டிய எல்லாமே, அதாவது கதம்பை என்னும் தேங்காய் மட்டை, சிரட்டை, மூடி உள்ள ஒரு பழைய இரும்புச் சட்டி ஆகியவை குமரி–கேரள எல்லைப்புறத்தின் எந்த வீட்டுப் பின்கட்டிலும் கிடைக்கும். தொடங்கும் முன்பே ஒன்றைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும்: வீட்டில் ஊட்டும் புகை சிப்பிக்கு மணமும் நிறமும் தருமே தவிர, அதைக் கெடாமல் காக்காது. லட்சத்தீவிலிருந்து வரும் மாசிக்கருவாடு மாதக்கணக்கில் இருப்பதற்குக் காரணம், சூரை மீனை அவித்துப் புகையூட்டிய பின்னும் கட்டைபோல் இறுகும்வரை வெயிலில் காய வைப்பதுதான். நாம் செய்யப்போகும் சிப்பியில் ஈரம் அப்படியே இருக்கும். ஆகவே அதைக் கருவாடாக எண்ணாமல், அன்று சமைத்த மீனாகவே நடத்த வேண்டும்.

வாங்கும் காலத்திலிருந்தே கவனம் தேவை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் முங்கி எடுப்பவர்கள் இறங்குவது குறைவு. இனப்பெருக்கமும் ஏறக்குறைய அந்த மாதங்களிலேயே நடப்பதால், முட்டையும் விந்தும் வெளியேறிய சிப்பியின் சதை மெலிந்து நீர்த்திருக்கும். அத்தகைய சதை புகையில் சுருங்கித் தோல்போல ஆகிவிடுவதால், மழை ஓய்ந்து கடல் தெளிந்து, தோடு என்னும் மேலோட்டை நிறைத்தபடி சதை பருத்திருக்கும் மாதங்களுக்காகக் காத்திருப்பதே நல்லது. திறந்து பார்க்கும்போது சில சிப்பிகளின் சதை செம்மஞ்சளாகவும் சிலவற்றின் சதை பால்வெள்ளையாகவும் இருப்பதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. முதலாவது பெண், இரண்டாவது ஆண்; சுவையில் சொல்லத்தக்க வேறுபாடு எனக்குத் தெரிந்ததில்லை.

எங்கிருந்து எடுத்த சிப்பி என்பதைக் கேட்டு வாங்க வேண்டும். சிப்பி கடல்நீரை இடைவிடாமல் வடிகட்டி உண்ணும் உயிர் என்பதால், நீரில் உள்ள கிருமியும் உலோகமும் நச்சுப்பாசியின் விஷமும் அதன் சதையில் சேர்கின்றன. துறைமுகச் சுவர்களிலும் ஆறு கடலில் சேரும், கழிவுநீர் கலக்கும் பொழிமுகங்களிலும் பறித்ததை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தவிர்க்க வேண்டும். 1997 செப்டம்பரில் கேரளத்தின் விழிஞ்ஞத்தில் இதே பழுப்புச் சிப்பியைச் சாப்பிட்டவர்களில் 7 பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். நுண்பாசிகள் உண்டாக்கும், நரம்பை முடக்கும் ஒரு நஞ்சே அதற்குக் காரணம். அந்த நஞ்சு கொதிநீரில் அழிவதில்லை, புகையிலும் அழிவதில்லை. சதையின் நிறத்திலோ மணத்திலோ அது தெரியவும் செய்யாது. ஆகையால் கடல்நீர் வழக்கத்துக்கு மாறாகச் சிவந்தோ பச்சையாகவோ நிறம் மாறியிருக்கும் நாட்களிலும், மீன்வளத் துறையோ ஊர்க்காரர்களோ எச்சரிக்கும் நாட்களிலும் சிப்பியை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் உதடும் நாக்கும் விரல்நுனியும் மரத்துப்போனால், கைமருந்து எதையும் முயலாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வாய் மூடியிருக்கும் சிப்பியும், லேசாகத் திறந்திருந்து தட்டியவுடன் மூடிக்கொள்ளும் சிப்பியும் உயிருள்ளவை. தட்டியும் மூடாதவற்றையும் தோடு உடைந்தவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். நல்ல தண்ணீரில் மணிக்கணக்கில் ஊற வைத்தால் சிப்பி செத்துவிடும் என்பதால், ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, தோட்டின் மேல் ஒட்டியிருக்கும் சுண்ணாம்புப் புடைப்புகளைக் கத்தியால் சுரண்டி, பாறையைப் பற்றிக்கொள்ள உதவும் நார்க்கற்றையை இரு தோடுகளும் சேரும் மூட்டுப் பக்கமாக இழுத்துப் பிடுங்கினால் போதும்.

தோட்டோடு 2 கிலோ எடுத்துக்கொள்வோம். பருவத்தைப் பொறுத்து ஏறக்குறைய 400 கிராம் வெந்த சதை கிடைக்கும். வாயகன்ற பானையில் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, கொதி வந்ததும் சிப்பியைக் கொட்டி மூடினால் நான்கைந்து நிமிடங்களில் தோடுகள் பிளக்கும். பிளந்தவுடன் இறக்கினால் சதை மிக மென்மையாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள், தூய்மை குறைந்த நீரில் எடுத்த இரட்டைத்தோட்டு உயிர்களைக் கொதிக்கவைத்துக் கிருமி நீக்கும்போது உட்சதை 90 டிகிரி செல்சியஸில் குறைந்தது 90 நொடிகள் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. நம் கரையில் கழிவுநீர் கலக்கும் அளவை நினைத்தால், மென்மையில் கொஞ்சம் இழந்தாலும் பிளந்த பிறகு மேலும் 3 நிமிடங்கள் மூடி ஆவியில் விடுவதே என் தேர்வு. அப்போதும் பிளக்காதவற்றை நெம்பித் திறக்க முயலாமல் எறிந்துவிட வேண்டும். பானையில் தேங்கும் சாற்றைக் கொட்டிவிடக் கூடாது. நீரில் கரையும் பி வகை வைட்டமின்களில் ஒரு பகுதி அதில் இறங்கியிருக்கும், சுவையும் அதில்தான் நிறைய இருக்கும். மணல் அடியில் தங்கிய பின் மெல்லிய துணியில் வடித்து எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டிலிருந்து எடுத்த சதையில் எஞ்சிய நாரைக் களைந்து, 1 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் கல்லுப்பு கரைத்த உப்புநீரில் 10 நிமிடங்கள் மட்டும் போட்டு எடுக்க வேண்டும். சிப்பிச் சதையில் கடலின் உப்பு ஏற்கெனவே இருப்பதால், கருவாட்டுக்குப் போடுவதுபோல் உப்பில் புதைத்து வைத்தால் பிறகு எந்தக் குழம்பிலும் சேர்க்க முடியாமல் போகும். உப்புநீரிலிருந்து எடுத்ததைச் சல்லடைத் தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, ஈ மொய்க்காதபடி வலை மூடி, மின்விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் உலர்த்த வேண்டும். பலரும் தவிர்த்துவிடுகிற இந்தப் படியில்தான் பண்டத்தின் தரம் முடிவாகிறது. மேற்பரப்பு ஈரமாக இருந்தால் புகையில் உள்ள தாரும் அமிலங்களும் அந்த நீரில் கரைந்து, கறுத்த, கசப்பான பூச்சாகப் படியும். தொட்டால் விரலில் லேசாக ஒட்டும் பதத்துக்கு உலர்ந்திருந்தால் புகை சீராகப் படிந்து தேன்நிறம் வரும். உலர்ந்தபின் ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயை எல்லாத் துண்டுகளிலும் படும்படி புரட்டிக்கொள்ளலாம்.

புகைக்கு எது எரிகிறது என்பது அடுத்த கேள்வி. தேங்காய்க் கதம்பையில் லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுதி; அது கனலும்போது சிதைந்து உண்டாகும் பீனால்களே புகை மணத்துக்கு முதற்காரணம். நன்றாகக் காய்ந்த கதம்பையே வேண்டும். கயிறு திரிப்பதற்காகக் காயலில் அழுக வைத்த கதம்பையைக் காய வைத்துப் பயன்படுத்தினால், அழுகலின்போது ஏறிய கந்தக நாற்றம் சதையிலும் ஏறும். ஒட்டுப்பலகை, சாயம் பூசிய மரம், அறுவை ஆலையில் மருந்தேற்றிய ரப்பர் மரத்துண்டு ஆகியவை அடுப்புக்கே ஆகாதவை. உணவுக்குப் புகையூட்டச் சற்றும் ஆகா. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடு வீட்டோடு இருப்பவர்களுக்கு ஒரு தட்டுச் சிப்பியை அதற்குள்ளேயே வைத்துவிடலாமே என்று தோன்றக்கூடும். ஷீட்டிலிருந்து வெளியேறும் அமில நெடி ஊறிய கூட்டில் உணவை வைக்கக் கூடாது.

வேலையை வீட்டுக்கு வெளியே, காற்று அடிக்காத ஓரத்தில் செய்ய வேண்டும். அடி கனத்த பெரிய இரும்புச் சட்டியில் சிரட்டைக் கரித் தணல் இரண்டு கைப்பிடி போட்டு, அதன்மேல் பிய்த்த கதம்பைத் துண்டுகளைத் தூவினால், தழல் விடாமல் கனன்று புகையத் தொடங்கும். தணலுக்கும் சிப்பித் தட்டுக்கும் இடையே குறைந்தது ஒரு சாண் இடைவெளி இருக்கும்படி, செங்கற்களையோ உயரமான முக்காலியையோ உள்ளே வைத்துத் தட்டை அமர்த்த வேண்டும். தட்டின் அடியில் ஒரு தகரத் தகட்டை வைத்துச் சொட்டும் எண்ணெயைப் பிடித்துக்கொள்வது அவசியம். கொழுப்பு தணலில் விழுந்து எரியும்போது உண்டாகும் பென்சோபைரீன் முதலிய பொருட்கள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை. மூடியைச் சிறிது விலக்கி வைத்தால் புகை தேங்காமல் ஓடும். வெளியே வரும் புகை மெலிதாகவும் நீலச்சாயலாகவும் இருக்க வேண்டும். அடர்ந்த வெண்புகை வந்தால் கதம்பையில் ஈரம் இருக்கிறது அல்லது காற்று போதவில்லை என்று பொருள். சட்டிக்குள் வெப்பம் 70 முதல் 80 டிகிரி அளவில் இருந்தால், 30 முதல் 40 நிமிடங்களில் ஓரங்கள் சற்றே சுருங்கி, நடுப்பகுதி இன்னும் மிருதுவாக இருக்கும் பதம் வந்துவிடும். இடையில் ஒரு முறை புரட்டினால் போதும். அடிக்கடி மூடியைத் திறந்து பார்ப்பவர்களுக்கு வெப்பமும் நிற்காது, புகையும் நிற்காது.

சத்தைப் பொறுத்தவரை, சிப்பி நம் கரையின் மிகச் செறிவான உணவுகளில் ஒன்று. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணை நீலச் சிப்பி என்னும் அயல் இனத்துக்குத் தரும் அளவுகளைக் கொண்டு ஓர் உத்தேசம் பெறலாம். ஆவியில் வெந்த 100 கிராம் சதையில் 172 கிலோ கலோரி, ஏறக்குறைய 24 கிராம் புரதம், 4.5 கிராம் கொழுப்பு, 6.7 மில்லிகிராம் இரும்பு, 24 மைக்ரோகிராம் பி12 ஆகியவை உள்ளன. வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய பி12 இரண்டரை மைக்ரோகிராமை ஒட்டியதுதான் என்பதால், ஒரு சிறு கை அளவு சிப்பியே அத்தேவையைத் தாராளமாக நிறைவேற்றும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பெண்களுக்குப் பரிந்துரைத்த இரும்பு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம். அதில் ஏறத்தாழ கால் பங்கு இந்த 100 கிராமிலேயே கிடைக்கிறது. செலினியமும் மாங்கனீசும் மிகுதி. புகையூட்டும்போது நீர் வற்றுவதால் அதே எடைக்குப் புரதம் சற்றுக் கூடும். உப்பும் கூடவே ஏறும். உப்புநீரில் போடுவதற்கு முன்பே 100 கிராம் சதையில் 369 மில்லிகிராம் சோடியம் இருப்பதாக அதே அட்டவணை சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு வைக்கும் வரம்பு 2,000 மில்லிகிராம் என்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்புநீர்ப் படியையே விட்டுவிடலாம். அதனால் சுவை கொஞ்சம் மட்டுப்படுமே தவிர புகை படிவதில் குறை வராது. யூரிக் அமிலத் தொல்லை உள்ளவர்கள் அளவோடு உண்ண வேண்டும். இறால், நண்டு, சிப்பி ஒவ்வாமை உள்ளவர்கள் தொடவே கூடாது.

ஆறியதை மூடிய பாத்திரத்தில் குளிர்பதனப் பெட்டியின் 4 டிகிரிக்குக் குறைந்த பகுதியில் வைத்து 3 நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும்; உறைபெட்டியில் என்றால் இரண்டு மாதங்கள் வரை சுவை நிற்கும். கடைகளில் எண்ணெயில் மிதக்கும் புகைச்சிப்பி டப்பாக்களைப் பார்த்துவிட்டு, வீட்டுச் சிப்பியைத் தேங்காய் எண்ணெயில் அமிழ்த்திக் குப்பியில் அடைத்து அலமாரியில் வைப்பது மிக ஆபத்தானது. காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலினம் என்னும் கிருமிக்கு எண்ணெய்க்கு அடியில் கிடக்கும் ஈரச் சதை ஏற்ற இடம். டப்பாவில் வருவது 120 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் அழுத்தத்தோடு கிருமி நீக்கப்பட்டது, அது வீட்டு அடுப்பில் நம்பிச் செய்யக்கூடிய காரியம் அல்ல.

சமையலில் இதைக் கையாள ஒரே விதிதான்: சிப்பி ஏற்கெனவே வெந்துவிட்டதால், எந்தப் பதார்த்தத்திலும் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். புழுங்கலரிசிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளச் சம்மந்தி (துவையல்) வேண்டுமென்றால், 100 கிராம் சிப்பியைச் சட்டியில் லேசாக வாட்டி, ஒரு மூடித் தேங்காய்த்துருவல், ஆறேழு சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), நான்கு காந்தாரி மிளகாய், நெல்லிக்காயளவு புளி ஆகியவற்றோடு அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்து எடுக்கலாம். உப்பைச் சுவைத்துப் பார்த்த பிறகே சேர்க்க வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது. வேகவைத்து மசித்த மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கில் மஞ்சளும் தேங்காயும் சீரகமும் அரைத்துக் கலந்து, இறக்கும் நேரத்தில் சிப்பியைக் கிளறிவிட்டாலும் நன்றாகப் பொருந்தும்.

ஆனால் புகைச்சிப்பிக்கு என்றே அமைந்ததுபோல் இருப்பது தீயல்தான். தேங்காயையும் மல்லியையும் வற்றல் மிளகாயையும் கருஞ்சிவப்பாக வறுத்து அரைக்கும் அந்தக் குழம்பில் ஏற்கெனவே ஒரு கருகல் மணம் இருப்பதால், புகை தனித்து நிற்காமல் அதோடு கலந்துவிடுகிறது. சின்ன உள்ளியை எண்ணெயில் வதக்கி, புளித்தண்ணீரும் அரைத்த விழுதும் சேர்த்து, எடுத்து வைத்த சிப்பிச்சாற்றையே தண்ணீருக்குப் பதிலாக ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை கொதிக்கவிட வேண்டும். அதன் பிறகு 200 கிராம் புகைச்சிப்பியைப் போட்டு, இரண்டு நிமிடம் மட்டும் சிறு தீயில் வைத்து, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி இறக்கலாம். இறக்கியவுடன் பரிமாறாமல் அரை மணி நேரம் மூடி வைத்தால் சதையில் புளி ஏறியிருக்கும்.