மனச்சிதைவு நோயும் குடியும் சேர்ந்த வீட்டில் வன்முறையைத் தவிர்ப்பது எப்படி?

இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் எழுவது போன்றவை வரும் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்தவர் என்றாலே கைநீட்டுவார் என்று அஞ்சத் தேவையில்லை. ஸ்வீடனில் 1973 முதல் 2006 வரையிலான பதிவேடுகளை வைத்து நடந்த ஆய்வில், இந்நோயோடு போதைப் பழக்கமும் இருந்தவர்களில் 27.6 விழுக்காட்டினர் வன்முறைக் குற்றத்திற்குத் தண்டனை பெற்றிருந்தனர். போதைப் பழக்கம் இல்லாத நோயாளிகளிடம் அது 8.5 விழுக்காடுதான். ஆகவே, காதில் குரல் கேட்பதைச் சொல்லும் அதே மூச்சில் மதுவையும் கஞ்சாவையும் பற்றி மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். குடித்த நாள், மாத்திரை விட்ட நாள், யார் மேல் சந்தேகம் கிளம்பியது ஆகியவற்றை மாதக் காலண்டரின் கட்டங்களில் குறித்து வைத்துக் கொண்டுபோய்க் காட்டினால், எது எதைத் தூண்டுகிறது என்பது அவருக்கு விரைவில் புலப்படும். பீடி, சிகரெட்டையும் மறைக்காதீர்கள். அந்தப் புகை, இந்நோய்க்குத் தரப்படும் குளோசபைன், ஒலான்சபைன் மாத்திரைகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும் என்பதால், புகையைத் திடீரென நிறுத்தினாலும் மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கும்.

குடியை நிறுத்தும் மருந்தைச் சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுப்பது நம் வீடுகளில் சாதாரணமாக நடக்கிறது. டைசல்ஃபிரம் என்னும் அத்தகைய மருந்து உடலில் இருக்கும்போது குடித்தால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், மனச்சிதைவின் அறிகுறிகளும் அதனால் கூடலாம். உணவில் ஏதோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படுபவருக்கு அந்தச் சந்தேகத்தை நாமே மெய்யாக்கியும் விடுகிறோம். தினமும் குடிப்பவரை அறையில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த முயல்வதும் தவறு. இரண்டொரு நாளில் கைநடுக்கமும் வலிப்பும் அதன் பின் பிதற்றலும் வரக்கூடும் என்பதால், மருத்துவமனையில் வைத்தே நிறுத்த வேண்டும்.

அவர் கொதித்து நிற்கும் நேரத்தில் குடியைப் பற்றியோ, அவருடைய நம்பிக்கை பொய் என்றோ வாதாடாதீர்கள். அரிவாள்மனை, கத்தி போன்றவற்றை முன்கூட்டியே அப்புறப்படுத்தி, ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேச, மற்றவர்கள் வாசல் பக்கமாக நிற்பது நலம். அடி விழும் நிலை வந்தால் வெளியேறி 108-ஐயோ காவல்துறையையோ அழையுங்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, தமக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் உள்ளவரைக் காவலர்கள் லாக்கப்பில் அடைக்காமல் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். அவசரமில்லாத நேரத்தில் ஆலோசனைக்கு 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவை) எண் உண்டு.

சேர்க்கும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்: மனநல மருத்துவர் இல்லாத போதை மறுவாழ்வு மையத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டால், குடி நின்றும் நோய் முற்றிவிடும்.