பேக்கப் சிஸ்டம் வாங்கப் போகிறீர்களா? முதலில் ரெஸ்டோர் கணக்கைப் போடுங்கள்

மதுரையில் கீழமாசி வீதி மொத்தக்கடையோ, கப்பலூர் சிட்கோ தொழிற்சாலையோ, இருநூறு படுக்கை மருத்துவமனையோ, பேக்கப் சிஸ்டத்துக்குக் (டேட்டாவின் பிரதியை எடுத்து வைக்கும் ஏற்பாடு) கொட்டேஷன் கேட்டால் வரும் தாளில் டெராபைட், லைசென்ஸ், ஏ.எம்.சி. என்கிற ஆண்டுப் பராமரிப்பு எல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். சர்வர் படுத்துவிட்டால் எத்தனை மணி நேரத்தில் மறுபடி பில் போடலாம் என்பது மட்டும் இருக்காது. பிரதியிலிருந்து டேட்டாவைத் திரும்ப எடுப்பதுதான் ரெஸ்டோர்; தேர்வை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் இரண்டு எண்களை எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு நேரத்து என்ட்ரி போனால் கையால் மறுபடி ஏற்றிவிட முடியும்? அது ஆர்.பி.ஓ. எவ்வளவு நேரம் சிஸ்டம் இல்லாமல் சமாளிக்கலாம்? அது ஆர்.டி.ஓ.; லைசென்ஸ் எடுக்கப் போகிற ஆபீஸ் இல்லை. இந்தக் கேள்விகளை ஐ.டி. ஆளிடம் கேட்காமல் பில்லிங் கவுண்டரிலும் கணக்குப் பிரிவிலும் கேளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் என்றால் பில்லிங்குக்கு ஆர்.பி.ஓ. 15 நிமிடம், ஆர்.டி.ஓ. 2 மணி நேரம் என்பார்கள். சம்பளக் கணக்குக்கு ஒரு நாள் போதும். பழைய ஸ்கேன் கோப்புகள் ஒரு வாரம் கழித்து வந்தாலும் குடி முழுகாது. எல்லாவற்றுக்கும் 15 நிமிடம் என்று எழுதிக் கொடுத்தால் விலை எங்கேயோ போய் நிற்கும்.

அடுத்தது கணக்கு. உங்களிடம் 4 டெராபைட் டேட்டா இருக்கிறது என்று வையுங்கள். கிளவுடில் மட்டும் வைத்திருந்து, 100 எம்.பி.பி.எஸ். லைனில் திரும்ப இறக்கினால், லைன் முழு வேகத்தில் ஓடினாலும் சுமார் 89 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட நான்கு நாள். அதே 4 டெராபைட்டை உங்கள் இடத்திலேயே இருக்கும் பேக்கப் பெட்டியிலிருந்து ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் எடுத்தால் சுமார் 10 மணி நேரம். 2 மணி நேரம் கேட்டவருக்கு இரண்டுமே உதவாது. அவருக்குப் பேக்கப் பெட்டியிலிருந்தே சர்வரை நேரடியாக இயக்கும் வசதி வேண்டும். கொட்டேஷனில் ‘இன்ஸ்டன்ட் ரெகவரி’ என்று இருந்தால் மட்டும் போதாது. அந்தப் பெட்டியில் எஸ்.எஸ்.டி. என்ற வேகமான டிஸ்க் இருக்கிறதா, ராம் எவ்வளவு என்று பாருங்கள். மெதுவான டிஸ்க்கில் சர்வர் எழும், ஆனால் ஒரு பில் போட ஒரு நிமிடம் ஆகும்.

கொள்ளளவுக்கும் இதே 4 டெராபைட். சுருக்கிய பின் பாதியாகும் என்றால் முழுப் பிரதி 2 டெராபைட். தினமும் 3 சதவீதம் மாறினால் 120 ஜி.பி.; முப்பது நாளுக்குச் சுருக்கி 1.8 டெராபைட். புது முழுப் பிரதி எழுதும்போது பழையதும் இருக்க வேண்டும், அதற்கு இன்னொரு 2. ஆக 5.8 டெராபைட். ஆண்டுக்கு 20 சதவீத வளர்ச்சி என்று மூன்று ஆண்டுக்குப் போட்டால் 10 டெராபைட். ஸ்கேன் படங்களும் சி.சி.டி.வி. பதிவுகளும் ஏற்கெனவே சுருங்கியவை, அவை பாதியாகாது. விற்பவர் காட்டும் ‘பத்து மடங்கு சுருக்கம்’ உங்கள் டேட்டாவுக்குப் பொருந்தாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

15 நிமிட ஆர்.பி.ஓ. கேட்டுவிட்டு ராத்திரி ஒரு முறை மட்டும் மெஷின் முழுவதையும் பிரதி எடுக்கும் திட்டத்தை வாங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. உங்கள் டேட்டாபேஸ் எஸ்.க்யூ.எல். சர்வர் என்றால் 15 நிமிடத்துக்கு ஒரு முறை லாக் பேக்கப் (மாற்றங்களின் பதிவை மட்டும் எடுப்பது) தனியாக வேண்டும். டேலி திறந்திருக்கும்போது டேட்டா ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்தால் பாதி எழுதிய கோப்பு வந்து சேரும். ரெஸ்டோர் செய்யும் நாளில்தான் அது தெரியும்.

பிரதி எங்கே இருக்க வேண்டும்? மூன்று பிரதி, இரண்டு வகை சேமிப்பு, ஒன்று வெளியே. கடையில் ஒன்று, நகருக்கு வெளியே குடோனில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் சரி. சர்வர் தரைத்தளத்தில் இருந்தால் பேக்கப் பெட்டியையும் அதே ராக்கில் வைக்காதீர்கள். மழைத் தண்ணீர் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டு இன்டர்நெட் லைன் வாங்கினாலும் இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் அது ஒரு லைன்தான். பழுதான பாகம் மறுநாள் வரும் என்ற ஒப்பந்தத்தையும் சித்திரைத் தேர் மாசி வீதிகளில் வரும் நாளை மனதில் வைத்துப் படியுங்கள். உதிரி டிஸ்க் ஒன்று கையிலேயே இருப்பது நல்லது.

டேட்டாவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். பேக்கப் சர்வரை அலுவலக டொமைனில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான லாகின் ஏற்பாடு) சேர்க்காதீர்கள், பாஸ்வேர்ட் தனியாக இருக்கட்டும். ஒரு பிரதியாவது குறித்த நாள் வரை யாராலும் அழிக்க முடியாத பூட்டுடன் இருக்க வேண்டும். அமேசானின் கிளவுட் சேமிப்பான எஸ்3-இல் ‘கம்ப்ளையன்ஸ்’ பூட்டை 30 நாளுக்குப் பதில் தவறி 3,000 நாள் என்று போட்டால் நீங்களும் திறக்க முடியாது; வாடகை மட்டும் ஓடும். பேக்கப்பைத் திறக்கும் என்க்ரிப்ஷன் சாவியைக் காகிதத்தில் எழுதி லாக்கரில் வையுங்கள்.

பதிவுபெற்ற கம்பெனி என்றால், மின்னணுக் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்பது 2022 திருத்த விதி. கிளவுட் எடுக்கும்போது மும்பை, ஹைதராபாத், சென்னை என்று இடத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

பிராண்ட் கடைசி. பத்துப் பதினைந்து விர்ச்சுவல் மெஷின் (ஒரே பெட்டிக்குள் ஓடும் தனித்தனி சர்வர்கள்) வைத்திருப்பவருக்கு வீம் போன்ற மென்பொருளும் சொந்தப் பெட்டியும் போதும். ஆரக்கிள், எஸ்.ஏ.பி. என்று பல வகை கலந்திருந்தால் காம்வால்ட் மென்பொருள் கையாளும், ஆனால் பழகிய ஆள் வேண்டும். ரூப்ரிக், கோஹெசிட்டி போன்ற பெரிய பேக்கப் சிஸ்டங்கள் 10 டெராபைட்டுக்கு உள்ளே இருப்பவருக்குக் கைக்கு மிஞ்சிய செலவு.

கையெழுத்துக்கு முன் உங்கள் டேட்டாவிலேயே சோதனை கேளுங்கள். நேற்றைய பேக்கப்பைத் தனி நெட்வொர்க்கில் எழுப்பச் சொல்லி, பட்டனை அழுத்தியதிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். பில்லிங் மென்பொருளைத் திறந்து கடைசி பில் எண்ணை நேற்று அச்சடித்த பில்லோடு ஒப்பிடுங்கள். ஒரு பழைய பில்லை மறுபடி அச்செடுங்கள், ஸ்டாக் கூட்டுத்தொகையைச் சரிபாருங்கள். வந்த நேரத்தை அப்படியே ஒப்பந்தத்தில் எழுதி, பணத்தில் ஐந்தில் ஒரு பங்கை, பெட்டி உங்கள் இடத்தில் அமர்ந்து இதே சோதனை இரண்டாம் முறை தேறும்வரை நிறுத்தி வையுங்கள்.