ஒலிபெருக்கியின் பின்னாலுள்ள சிறு தகடுகளைக் கவனியுங்கள்

சில வீட்டு ஒலிபெருக்கிகளின் பின்புறம் வயர் மாட்டும் நான்கு முனைகள் இருக்கும். மேல் இரண்டும் கூர்மையான உயர் ஒலிகளைத் தரும் ட்வீட்டருக்கும் கீழ் இரண்டும் கனத்த தாழ் ஒலிகளைத் தரும் வூஃபருக்கும் உரியவை, அவற்றை மெல்லிய உலோகத் தகடுகள் இணைக்கும். ஸ்பீக்கர் வயரைக் கீழ் முனைகளில் மாட்டியிருந்தால் ட்வீட்டருக்கான மின்னோட்டம் முழுவதும் தகடுகளைக் கடந்தே செல்வதால், திருகு தளர்ந்தாலோ தகட்டில் களிம்பு ஏறினாலோ ஜால்ராவின் ஓசையும் 'ச', 'ஸ' ஒலிகளும்தான் முதலில் மங்கும்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுத் தகடுகளைக் கழற்றுங்கள். மிஞ்சிய 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 15 செ.மீ. நீளத் துண்டுகளை வெட்டி, இரு முனைகளிலும் 1 செ.மீ. உறையைச் சீவி, இழைகளை இறுக முறுக்கி, மேல் சிவப்பு முனையைக் கீழ்ச் சிவப்போடும் மேல் கறுப்பு முனையைக் கீழ்க் கறுப்போடும் இணையுங்கள். ஓர் இழைகூட வேறு நிற முனையைத் தொடக்கூடாது. தொட்டால் ஆம்ப்ளிஃபயரே பழுதாகலாம். பிரதான வயரின் முனை கறுத்திருந்தால் அதையும் வெட்டிப் புதிதாகச் சீவுங்கள்.

இதற்கென விற்கும் விலையுயர்ந்த இணைப்புகள் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து. இவ்வகை வயர் 5 மீட்டர் போய்த் திரும்பினாலும் மின்தடை ஏறத்தாழ 0.07 ஓம்தான், 8 ஓம் ஒலிபெருக்கிக்கு அது பொருட்டே அல்ல. பலன் தருவது சுத்தமான, இறுக்கமான தொடுகையே; பழைய தகடுகள் ஏற்கெனவே அப்படி இருந்தால், மாற்றுவதால் வேறுபாடு கேட்காது.