பிச்சாவரம் போகிறீர்களா? துடுப்புப் படகு கேளுங்கள்

எனக்குக் கடலூர் முதுநகர். சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் சாயங்காலம் சில்வர் பீச், மறுநாள் சிதம்பரம் பக்கத்தில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு. இது எங்கள் வீட்டு வழக்கம். அதிலும் ஒரு தடவை சொதப்பினேன். சித்திரை வெயில், ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி. டிக்கெட் வரிசையிலேயே அத்தைக்குத் தலை சுற்றியது. சீக்கிரம் முடியட்டும் என்று மோட்டார் படகு எடுத்தோம். அந்தச் சத்தத்துக்கு ஒரு கொக்குகூட உட்காரவில்லை. "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார் அத்தை.

சுரபுன்னைக் கிளைகள் தலைக்கு மேல் கூரை போட்டது போல் மூடியிருக்கும் சின்ன வாய்க்கால்கள்தான் பிச்சாவரம். அதற்குள் நுழைவது துடுப்புப் படகு மட்டும். ஏறுவதற்கு முன்பே, "அண்ணே, உள் வாய்க்காலுக்குப் போவீங்களா, தண்ணி இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கிற உப்பங்கழி இது. கடலோடு சேர்ந்து ஏறும், வற்றும். வற்றிய நேரத்தில் படகு சேற்றில் தட்டும்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகச் சுமார் 15 கிலோமீட்டர், பஸ் உண்டு. வார நாளில், காலை முதல் படகுக்கே போய்விடுங்கள். மழை ஓய்ந்து மார்கழி, தை மாதங்களில் பறவைகள் நிறைய வரும். புயல் சின்னம் என்று செய்தி வந்தால் வீட்டிலேயே இருங்கள். குடை வேண்டாம், கிளையில் மாட்டும், தொப்பி போதும். லைஃப் ஜாக்கெட்டைப் புடவைக்கு மேல் போட மாட்டேன் என்று அடம் பிடிப்பவர்களிடம் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

போகிற போக்கில் இலை பறிக்கும் பழக்கம் இருந்தால் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே தில்லை மரமும் இருக்கிறது. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வந்ததே இந்த மரத்தால்தான். ஒடித்தால் பால் வடியும். தோலில் பட்டால் கொப்பளிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே மறைக்கும். தண்ணீரில் உட்கார்ந்தபடி வெறுங்கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களைப் பார்க்கலாம். படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள், அவர்களுக்கு அது வேலை நேரம்.

அப்புறம் அத்தையை இன்னொரு தடவை கூட்டிப் போனேன். உள் வாய்க்காலில் படகுக்காரர் துடுப்பை நிறுத்தி ஒரு சுரபுன்னைக் கிளையைக் காட்டினார். மெலிந்த முருங்கைக்காய் மாதிரி பச்சையாக ஏதோ தொங்கியது. காய் இல்லையாம், மரத்திலேயே முளைத்துவிட்ட நாற்றாம். தண்ணீர் வற்றியிருக்கும்போது விழுந்தால் சேற்றில் குத்தி நின்று அங்கேயே வேர் விடும். நிறைந்திருந்தால் மிதந்து போய் வேறெங்காவது ஊன்றும். 2004 சுனாமியில் பின்னாலிருந்த ஊர்களுக்கு அலையின் வேகத்தைக் குறைத்துக் கொடுத்த காடு இப்படி முளைத்ததுதான்.

"ஒண்ணாவது விழுதான்னு பாத்துட்டுப் போலாம்" என்று அத்தை அண்ணாந்தபடியே இருந்தார். படகுக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு, "நேரமாச்சும்மா" என்று துடுப்பைப் போட்டார்.